காசு செல்லும், ஆனால் செல்லாது: குவாங்சோவில் முதல் மூன்று நாட்கள்

முதலில் ஒரு டிஸ்கி. இது பயணக் கட்டுரை இல்லை. எந்த ஓட்டலில் தங்கினோம், எங்கே தயிர்சாதம் கிடைக்கும், எதை எவ்வளவுக்குப் பேரம் பேசலாம் என்றெல்லாம் எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். அதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது.

சீனாவுக்குப் போய் வந்தவர்கள் எழுதுவதைப் படித்தால் இரண்டே ரகம்தான். ஒன்று "ஆஹா" ரகம். 600 மீட்டர் கோபுரம், புல்லட் ரயில், குப்பையில்லாத தெரு, கடைசி வரியில் "நாம எப்ப சார் உருப்படப் போறோம்?". இன்னொன்று "ஐயோ" ரகம். கூகுள் இல்லை, தெருவுக்குத் தெரு காமிரா, தட்டில் என்ன கிடக்கிறது என்றே தெரியவில்லை. இரண்டிலும் பொய் இல்லை. ஆனால் இரண்டுமே எனக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லவில்லை. அந்த ஊரில் யாரையும் தெரியாத, மொழி தெரியாத, உள்ளூர் போன் நம்பர் இல்லாத ஒருவன் சட்டைப்பையில் காசோடு வந்து இறங்கினால், முதல் மூன்று நாளில் அவனால் ஒரு டீ வாங்கிக் குடிக்க முடிகிறதா? ஒரு ஊரை எடை போட எனக்கு இந்தக் கேள்வி போதும். கோபுரத்தின் உயரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மாமாவுக்குத் திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனி. பட்டன், ஜிப், எலாஸ்டிக், லேபிள் என்று சாம்பிள் பார்க்க வருடத்துக்கு ஒருமுறை குவாங்சோ போவார். 1957லிருந்து வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிற பிரம்மாண்டமான வணிகச் சந்தை அங்கே உண்டு. ஊரின் பழைய பெயரை வைத்து காண்டன் ஃபேர் என்பார்கள். 2024ல் அதன் கடைசிக் கட்டம் சரியாகத் தீபாவளி சமயத்தில் வந்தது. தீபாவளிக்கு எப்படியும் கம்பெனி ஒரு வாரம் லீவு. "மாப்ளே, பி.காம் படிக்கறயில்ல, கணக்கு எழுத ஒரு ஆள் வேணும், கூட வா" என்றார். நவம்பர் செமஸ்டரை நினைத்து அம்மா முறைத்தார்கள். நான் பெட்டியைக் கட்டிவிட்டேன். அப்போது இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. 2020ல் நின்றுபோனது 2025 அக்டோபரில்தான் திரும்ப வந்தது. ஆகவே கோலாலம்பூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம்.

முதல் நாள்: தர்ம டீ

பணம் மாற்றிய இடத்தில் கொடுத்தது எல்லாமே 100 யுவான் நோட்டு. மாவோ படம் போட்ட சிவப்பு நோட்டு. அதுதான் சீனாவிலேயே பெரிய நோட்டு. அப்போது நம் கணக்கில் சுமார் 1,200 ரூபாய்.

மெட்ரோவில் பிரச்னையே இல்லை. கட்டணம் 2 யுவானில் தொடங்குகிறது. டிக்கெட் மிஷின் எங்கள் சிவப்பு நோட்டை ஏற்கவில்லை. பக்கத்துக் கவுண்ட்டரில் இருந்த பெண் ஒரு வார்த்தை பேசாமல் சில்லறை மாற்றிக் கொடுத்தார். மிஷினில் போட்டால் கேரம் காய் மாதிரி ஒரு பிளாஸ்டிக் வில்லை விழுகிறது. அதுதான் டிக்கெட். ரயிலில் மாண்டரின், காண்டனீஸ், ஆங்கிலம் என்று மூன்று மொழியில் அறிவிப்பு. மொழி தெரியாதவன் 1.87 கோடி பேர் (2020 கணக்கெடுப்பு) இருக்கிற ஊரில் தொலைந்து போகாமல் போய்ச் சேர முடிகிறது. இதற்கு முழு மார்க்.

மெட்ரோவை விட்டு மேலே ஏறியதும் கதை மாறியது. நம் சிம்மில் ரோமிங் இருந்ததால் கூகுள் மேப் திறந்தது. ஆனால் அது நாங்கள் ஆற்றுக்குள் நிற்பதாகக் காட்டியது! சீனாவில் வரைபடங்களுக்கென்று அரசு தனி ஆயத்தொலைவு முறை வைத்திருக்கிறது. வெளிநாட்டு மேப்பில் நாம் இருக்கும் இடம் சில நூறு மீட்டர் தள்ளித்தான் தெரியும். அந்தச் சில நூறு மீட்டரைத் தேடி முக்கால் மணி நேரம் நடந்த பிறகு ஒரு கஷாயக் கடை கண்ணில் பட்டது. குவாங்சோவில் தெருவுக்கு ஒன்று இருக்கும் மூலிகை டீக் கடை. லியாங்சா என்கிறார்கள். நிலவேம்புக் கஷாயத்துக்குப் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கார அம்மா கண்ணாடியில் ஒட்டியிருந்த கியூஆர் கோடைக் காட்டினார். நான் 100 யுவான் நோட்டை நீட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார், கல்லாவைத் திறந்தார். உள்ளே ஒரு சார்ஜர் ஒயர், சாவிக்கொத்து, இரண்டு மூன்று நாணயம். பக்கத்துக் கடையில் கேட்டார். அங்கேயும் இல்லை. கடைசியில் நோட்டை என் கையில் திணித்து, கப்பை என் பக்கம் தள்ளி, "போ போ" என்று கையை ஆட்டிவிட்டார். காசு வாங்கவில்லை.

மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் சுளையாகப் பணத்தை வைத்துக்கொண்டு தர்மத்துக்குக் குடித்த முதல் டீ அது.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயே வராது. நல்ல மனுஷி. சட்டத்தையும் குறை சொல்ல முடியாது. சீனாவில் ரொக்கத்தை வாங்க மாட்டேன் என்று சொல்வது சட்டவிரோதம். கடைகள் அப்படிச் சொல்ல ஆரம்பித்ததால் 2018ல் மக்கள் சீன வங்கி (அவர்களுடைய ரிசர்வ் வங்கி) அதைத் தடுத்துத் தனியாக அறிவிப்பே வெளியிட்டது. ஆனால் இந்த அம்மா வாங்க மாட்டேன் என்று சொல்லவில்லையே. சில்லறை இல்லை, அவ்வளவுதான். மறுப்பவரைச் சட்டம் பிடிக்கலாம். காலிக் கல்லாவை எந்தச் சட்டம் பிடிக்கும்? நோட்டு செல்லும். ஆனால் டீக்கடையில் செல்லாது.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், உலகத்துக்கே காகிதப் பணத்தைக் காட்டியது இவர்கள்தான். சுமார் 1,000 வருடம் முன்னால், சோங் அரசர்கள் காலத்தில், சிச்சுவான் பகுதியில் அரசே காகிதப் பணம் வெளியிட்டது. கண்டுபிடித்தவர்கள் கல்லாவிலேயே இன்று அதற்கு இடமில்லை.

இரண்டாம் நாள்: ஜாமீன்

"செயலியில் கார்டை இணைச்சுக்கிட்டா முடிஞ்சுது, இதுக்கு இவ்வளவு புலம்பலா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2023 ஜூலையிலிருந்து அலிபேயிலும் வீசாட்டிலும் வெளிநாட்டு விசா, மாஸ்டர் கார்டுகளை இணைக்க முடிகிறது. 2024 மார்ச்சில் வரம்பையும் உயர்த்தினார்கள். ஒரு தடவைக்கு 1,000 டாலர் என்று இருந்தது 5,000 ஆனது. வருடத்துக்கு 10,000 என்று இருந்தது 50,000 ஆனது. 200 யுவானுக்குள் வாங்கினால் கமிஷன் இல்லை, தாண்டினால் 3 சதவீதம். (300 யுவான் பில்லை இரண்டு 150ஆகப் பிரித்துக் கட்டலாமா என்று மாமா உடனே கேட்டார். திருப்பூர்க்காரர் :-))

ஆனால் அந்தச் சங்கிலியைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஸ்மார்ட்போன் வேண்டும். அதில் சார்ஜ் வேண்டும். ரோமிங் வேலை செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டைப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். சர்வதேசக் கார்டு வேண்டும். ஊரில் இருக்கிற வங்கி, சீனாவில் யாரோ தன் கார்டைத் தட்டுகிறார்கள் என்று பயந்து அதை முடக்காமல் இருக்க வேண்டும். ஓடிபி வந்து சேர வேண்டும். இதில் எந்த ஒரு கண்ணி அறுந்தாலும் மொத்தமும் போச்சு. எனக்கு அறுந்தது வங்கிக் கண்ணி. கார்டு முடங்கி, நம்மூர் கால் சென்டரில் பாட்டுக் கேட்டு, ஒருவழியாக மறுநாள் மதியம்தான் திறந்தது.

திறந்த நிமிஷத்திலிருந்து அது வேறு ஊர்! பஸ், வாடகை சைக்கிள், டாக்சி, தெருவோர வறுத்த கஷ்கொட்டை எல்லாமே ஒரு தட்டில். நேற்று நான் இருந்த அதே தெருதான். நேற்று நான் அதில் கண்ணாடிக்கு வெளியே நின்றேன், இன்று உள்ளே. என்னிடம் இருந்த பணம் நேற்றும் இன்றும் ஒன்றுதான். மாறியது ஒரே விஷயம். நேற்று நான் யாரென்று அந்த ஊருக்குத் தெரியாது, இன்று என் பெயர் ஏட்டில் ஏறிவிட்டது.

அன்று சாயங்காலம் மாமா ஷிசான்ஹாங் தெருவுக்குக் கூட்டிப் போனார். துணி மொத்த வியாபாரத்துக்குப் பேர் போன இடம். ஆள் உயர மூட்டைகள், தள்ளுவண்டிகள், வழி விடச் சொல்லிக் கத்துகிற சுமைக்காரர்கள் என்று நம் காதர்பேட்டையைப் பத்து மடங்கு பெரிதாக்கிய மாதிரி. அந்தப் பெயருக்கு "பதின்மூன்று ஹாங்" என்று பொருள். ஹாங் என்றால் வணிக நிறுவனம். இந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதைதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது.

1757லிருந்து 1842 வரை, மேற்கத்தியர்கள் கடல் வழியாகச் சீனாவோடு வியாபாரம் செய்ய இந்த ஒரே ஊருக்குத்தான் அனுமதி. சியன்லோங் பேரரசரின் உத்தரவு. வந்தவர்கள் ஆற்றங்கரையில் ஒரு சின்னப் பட்டையில்தான் இருக்க வேண்டும். கோட்டைச் சுவருக்குள் கால் வைக்கக்கூடாது. பெண்களை அழைத்து வரக்கூடாது. வியாபாரக் காலம் முடிந்ததும் மக்காவுக்குப் போய்விட வேண்டும். அவர்களுக்குச் சீனமொழி சொல்லிக்கொடுப்பதே குற்றம். எல்லாவற்றுக்கும் மேல், வருகிற ஒவ்வொரு கப்பலுக்கும் ஹாங் வணிகர் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். வரி பாக்கி, மாலுமி செய்த தகராறு எல்லாம் அவர் தலையில். அரிசி, காய்கறி வாங்கித் தரக்கூட உரிமம் பெற்ற ஓர் ஆள் உண்டு. வெள்ளைக்காரன் தன் வெள்ளிக் காசைக் கையில் வைத்துக்கொண்டு தானாகப் போய் நினைத்ததை வாங்கிவிட முடியாது. ஜாமீன் நின்ற ஹாங் வணிகர்களில் ஹவ்குவா என்பவர் அன்றைய உலகத்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர்.

அந்த வெள்ளி நல்லதா கள்ளமா என்று சோதித்துச் சொல்ல ஒரு ஆள் உண்டு. அவருக்குப் பெயர் ஷ்ராஃப். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம்மூரில் பழைய ஆட்கள் சொல்கிற "சராப்பு"தான்! அரபியிலிருந்து கிளம்பி, இந்தியா வழியாக வியாபாரிகள் வாயில் ஏறிப் போன சொல். ஹாங்காங்கில் பார்க்கிங் கட்டணம் கட்டுகிற இடத்தில் இன்றைக்கும் அந்தச் சொல்லை எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து அங்கே போனது சொல் மட்டும் இல்லை. பம்பாய்ப் பார்சி வியாபாரிகள் போனார்கள், பருத்தி போனது, கூடவே கல்கத்தாவில் ஏலம் விட்ட அபினும் போனது. 1839ல் லின் சேசூ அபினைப் பறிமுதல் செய்து ஹூமனில் அழித்ததும், அதைச் சாக்காக வைத்து பிரிட்டன் போர் தொடுத்ததும் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். வந்தவர்கள் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை. அந்நியனிடம் ஜாமீன் கேட்க அந்த ஊருக்கு அன்று காரணம் நிறையவே இருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனாலும் அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது பாருங்கள். "உனக்கு யார் ஜாமீன்?" அன்று ஹாங் வணிகர் ஜாமீன். இன்று செயலி ஜாமீன்.

மூன்றாம் நாள்: உள்ளூர் அந்நியர்கள்

மூன்றாம் நாள் மாமா ஜோங்தா துணிச் சந்தைக்குப் போனார். அதை ஒட்டி காங்லே, லூஜியாங் என்று இரண்டு "நகர்ப்புற கிராமங்கள்". சுற்றிலும் நகரம் வளர்ந்து நடுவில் மாட்டிக்கொண்ட பழைய கிராமங்கள். இந்த மாதிரிக் கிராமங்களில் வீடுகள் எவ்வளவு நெருக்கம் என்றால், எதிரெதிர் ஜன்னலில் நின்று கை குலுக்கலாம். அவற்றுக்குப் பெயரே "கைகுலுக்கும் கட்டடங்கள்". கீழ்த்தளத்தில், மாடியில், சந்தில் எல்லாம் தையல் மிஷின். தெருவில் கம்பெனி முதலாளிகள் தைத்த சாம்பிள் உடுப்பைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். தொழிலாளிகள் நடந்து வந்து துணியைப் புரட்டி, தையலைப் பார்த்து, பீஸ் ரேட் பேசுகிறார்கள். படியவில்லை என்றால் அடுத்த முதலாளி. மாமா பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, "நம்மூர்ல ஆள் புடிக்க நான் அலையறேன், இங்க மொதலாளியே ரோட்டுல நிக்கறான் மாப்ளே" என்றார்.

அங்கே வேலை செய்பவர்களில் நிறையப் பேர் ஹூபெய் மாகாணத்துக்காரர்கள். சீனர்கள்தான், ஆனால் இந்த ஊரின் ஏட்டில் இல்லாத சீனர்கள். ஹூகோ என்கிற குடும்பப் பதிவு முறை 1958லிருந்து இருக்கிறது. எந்த ஊரில் உன் பதிவோ அந்த ஊரில்தான் பள்ளி, மருத்துவம், சலுகை எல்லாம் முழுசாகக் கிடைக்கும். 2022 நவம்பரில் கோவிட் ஊரடங்கில் இந்தப் பகுதியை வாரக்கணக்கில் அடைத்தபோது, வேலையும் இல்லாமல் ஊருக்கும் போக முடியாமல் தடுப்புகளை உடைத்துக்கொண்டு வெளியே வந்தவர்கள் இவர்கள்தான்.

இதே ஊரில் 2003ல் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சுன் ஜிகாங் என்று ஒரு இளைஞர். 27 வயது. கல்லூரியில் வடிவமைப்பு படித்தவர். ஹூபெய்க்காரர். வேலைக்காகக் குவாங்சோ வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 17 ராத்திரி வெளியே போனவரைத் தற்காலிகக் குடியிருப்பு அட்டை இல்லை என்று போலீஸ் பிடித்தது. மூன்றாம் நாள், காவலில் அடிபட்டு இறந்துபோனார். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று துணிந்து அதை வெளியிட, நாடே கொதித்தது. அந்த வருடம் ஜூனிலேயே, அட்டை இல்லாதவர்களைப் பிடித்து ஊருக்குத் திருப்பி அனுப்பும் அந்தச் சட்டத்தை அரசு ரத்து செய்தது.

என் டீக்கடைக் கதையையும் இதையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். ஒரு டீ கிடைக்காததற்கும் ஒரு உயிர் போனதற்கும் ஒப்பீடே கிடையாது. ஆனால் "ஏட்டில் இருக்கிறாயா?" என்ற கேள்வியை ஒரு ஊர் எல்லா வாசலிலும் வைக்க ஆரம்பித்தால், அதன் சுமை முதலில் விழுவது என் மாதிரி பத்து நாளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவன் மேல் இல்லை. அங்கேயே பிழைக்க வந்தவன் மேல்தான்.

வயசானவர்கள் மேலும்தான். கோவிட் சமயத்தில் போனில் பச்சை நிறக் குறியீடு காட்டினால்தான் பஸ் என்று ஆனபோது ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர்கள் நாடு முழுக்கத் தவித்தார்கள். 2020 நவம்பரில் சீன அரசே, முதியவர்களுக்கு ரொக்கம் உள்பட பழைய வழிகளையும் வைத்திருக்க வேண்டும் என்று தனித் திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது.

இதற்கு ஒரு கண்கண்ட சாட்சி சொல்கிறேன். மூன்று நாளில் என் சிவப்பு நோட்டு பிரச்னையில்லாமல் செல்லுபடியான ஒரே சாப்பாட்டுக் கடை, பழைய பகுதியில் இருந்த ஒரு காலை டீ மண்டபம். டிம்சம் கொடுக்கிற இடம். காலை ஏழரைக்கே தாத்தா பாட்டிகள் நிரம்பி வழிகிறார்கள். உட்கார்ந்ததும் கப்பையும் குச்சியையும் சூடான டீயிலேயே கழுவிக் கிண்ணத்தில் கொட்டுகிறார்கள். யாராவது நமக்கு டீ ஊற்றினால் இரண்டு விரலால் மேஜையைத் தட்டினால் நன்றி. மாறுவேடத்தில் போன பேரரசர் தன் சேவகனுக்கு டீ ஊற்ற, அவன் மண்டியிட முடியாமல் விரலை மடக்கித் தட்டினான் என்று அதற்கு ஒரு கதை வேறு. அந்தப் பேரரசரும் நம்ம சியன்லோங்தானாம்! மேஜையைப் பகிர்ந்துகொண்ட தாத்தா என்னை "லேங் ஜாய்" என்றார். "அழகுப் பையா" என்று அர்த்தம். ரொம்பப் பூரித்துப் போக வேண்டாம், அந்த ஊரில் எல்லாப் பையன்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், நாம் "தம்பி" என்கிற மாதிரி.

பில் கட்டும்போது பார்த்தேன், கல்லா நிறையச் சில்லறை. ஏன்? வருகிற தாத்தாக்கள் ரொக்கம் கொடுக்கிறார்கள். அந்த ஊர்க் கிழவர்களுக்காகத் திறந்து வைத்த வாசலில் இந்த ஊர்ப் பையனும் நுழைந்துவிட்டான். அவ்வளவுதான் என் வாதம்.

எதிர்க்கட்சிக்குப் பதில்

என் வகுப்பு நண்பன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டு, "கோடிக்கணக்கான பேருக்கு வசதி. கள்ள நோட்டு இல்லை, ஜேப்படி இல்லை, வரி ஏய்ப்பு குறைவு. நாலு டூரிஸ்டுக்காக ஊரே கல்லா நிறையச் சில்லறை வைக்கணுமா? அதுக்கும் செலவு இருக்கே?" என்றான். நல்ல வாதம். சில்லறையை எண்ணுவது, காவல் காப்பது, வங்கியில் கட்டுவது எல்லாம் கடைக்காரருக்குச் செலவுதான். நாங்கள் படிக்கிற பாடத்திலேயே அது வரும்.

ஆனால் அந்தச் செலவை எடுத்துவிட்டால் அது மறைந்து போவதில்லை. சங்கிலியில் ஒரு கண்ணி இல்லாதவர்கள் தலைக்கு மாறுகிறது. கடைக்காரர் மிச்சம் பிடித்ததை முதியவரும், பிழைக்க வந்தவரும், வழிப்போக்கனும் கட்டுகிறார்கள். இரண்டாவது, குவாங்சோ பிழைப்பதே அந்நியர்களை வைத்துத்தான். சந்தைக்கு வருகிற ஆப்பிரிக்க, அரபு, இந்திய வியாபாரிகள் இல்லாமல் அந்த ஊருக்குக் கதையே இல்லை. இது சீன அரசுக்கே தெரிந்துதான் 2024ல் வரம்பை உயர்த்தினார்கள், வங்கிகளைக் கொண்டு சில்லறை நோட்டுகளைப் பொட்டலம் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல காரியம். அமெரிக்காவில் பிலடெல்பியா 2019லும் நியூயார்க் நகரம் 2020லும் கடைகள் ரொக்கத்தை மறுக்கக்கூடாது என்று சட்டமே போட்டன. அங்கே யோசித்தது டூரிஸ்டை அல்ல, வங்கிக் கணக்கு இல்லாத ஏழைகளை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். ரொக்கம் என்பது பேர் கேட்காத பணம். யார் நீ, எந்த ஊர், உன் பதிவு எங்கே என்று எதுவும் கேட்காமல் ஒரு டீயைக் கையில் கொடுக்கிற ஒரே ஏற்பாடு. பேர் கேட்கிற பணம் இருக்கட்டும், எனக்கும் அதுதான் வசதி. பேர் கேட்காத பணமும் பக்கத்திலேயே இருக்கட்டும் என்கிறேன்.

இதைச் சீனாவுக்குப் புத்தி சொல்வதற்காக எழுதவில்லை. நம் கல்லாவைப் பாருங்கள். யுபிஐ வந்தது 2016ல். இன்று "சில்லறை இல்ல தம்பி, ஜிபே பண்ணிடுங்க" என்று கேட்காத நாள் உண்டா? ரிசர்வ் வங்கிச் சட்டம் 1934, பிரிவு 26 படி நோட்டு இங்கே சட்டப்படி செல்லும் பணம். குவாங்சோவிலும் அப்படித்தானே இருந்தது! வெளிநாட்டுப் பயணிகளுக்கு யுபிஐ தர 2023ல் ஒரு ஏற்பாடு தொடங்கினார்கள். ஆனால் மாமல்லபுரத்தில் 500 ரூபாய் நோட்டோடு இளநீர்க்காரர் முன் நிற்கிற ஒரு சீனப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளும் முதல் நாள் தர்ம இளநீர்தான் குடிக்கப் போகிறாள். அவளை விடுங்கள், பட்டன் போன் வைத்திருக்கிற உங்கள் ஆச்சி? திருப்பூருக்கு நேற்று ரயிலேறி வந்து இறங்கிய ஒடிசாப் பையன்?

குவாங்சோ போகிறவர்களுக்கு என் சிபாரிசு: 10, 20 யுவான் நோட்டாக ஒரு கட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கார்டை ஊரிலேயே இணைத்துவிடுங்கள், காலையில் தாத்தாக்கள் கூடுகிற கடையைத் தேடுங்கள். ஊரில் இருக்கிறவர்களுக்கு: வாரத்தில் ஒருநாளாவது டீக்கடையில் ரொக்கம் கொடுங்கள். கல்லாவில் சில்லறை இருப்பது நாம் போடுவதால்தான்.

நான் பழைய பஞ்சாங்கம் பேசுகிறேன் என்று நினைப்பவர்கள் தாராளமாகப் பின்னூட்டத்தில் சண்டைக்கு வரலாம். குறிப்பாக, கடை வைத்திருக்கிற அப்பா அம்மாவின் பிள்ளைகள் யாராவது இருந்தால், ஒரு நாளைக்குச் சில்லறை தேடுவதில் எவ்வளவு நேரம் போகிறது என்று கேட்டுச் சொல்லுங்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.